தவறான லேபல் ஒட்டிய மீன் டின்: வாங்கிய கடையிலிருந்து நீதிமன்றம் வரை ஒரு முறைப்பாட்டைக் கொண்டு செல்லும் முழுமையான வழிகாட்டி

இலங்கையில் மீன் டின்களின் லேபலில் உள்ள பொய்களைத் தடுக்கச் சட்டம் உண்டு, அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளும் உண்டு. ஆனாலும் எங்கள் ஊரில் அயலவர்களுக்காக முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்து, அவர்களுடன் அலுவலகங்களுக்கும் சென்று வந்த அனுபவத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்: முறைப்பாடு பெரும்பாலும் தோற்பது சட்டத்தில் குறை இருப்பதாலன்று, வாங்கியவர் முதல் அரை மணி நேரத்தில் செய்த ஏதோ ஒரு செயலால். ஆகவே கீழே உள்ள படிகளைத் தந்திருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். இரண்டு படிகளை இடம் மாற்றினால்கூடச் சான்று கெட்டுவிடும்.

1. சந்தேகம் வந்தவுடன் செய்யக் கூடாதவை

டின்னைத் திறக்காதீர்கள். திறந்த டின்னைக் காட்டி "உள்ளே மீன் குறைவாக இருந்தது" என்று சொன்னால், மீதியை நீங்கள் சமைத்துவிட்டீர்கள் என்று கடைக்காரரின் சட்டத்தரணி ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். மூடியில் அச்சிட்ட திகதியின் மேல் வேறொரு திகதியை ஒட்டிய டின்னைக் கண்டால், எல்லோருக்கும் முதலில் கை போவது நகத்துக்குத்தான். ஒருமுறை ஓர் அம்மா அப்படிச் சுரண்டி, அடியில் இருந்த பழைய திகதியையும் வாசித்துவிட்டு, மகிழ்ச்சியோடு டின்னை என்னிடம் கொண்டு வந்தார். மேலே ஒட்டியிருந்த புதிய திகதி துண்டு துண்டாகி அவருடைய விரலில் இருந்தது. கடையில் விற்கப்பட்டபோது அந்த டின் எப்படி இருந்தது என்பதற்கு அதன் பிறகு எந்தச் சான்றும் இல்லை. ஸ்டிக்கரை உரிக்கும் வேலையை அதிகாரிகளிடமோ ஆய்வகத்திடமோ விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் சண்டை பிடிக்காதீர்கள். கடையின் பெயரைப் போட்டு முகநூலிலும் எழுதாதீர்கள். அதிகாரிகள் வரும் முன்னரே எச்சரிக்கை போய்விட்டால், அந்தத் தொகுதி டின்கள் இறாக்கையிலிருந்து இரவோடிரவாக மறைந்துவிடும். தவிரவும், சில்லறைக் கடைக்காரர் பல வேளைகளில் தாமும் ஏமாற்றப்பட்டவரே. அவரிடம் உள்ள கொள்முதல் பற்றுச்சீட்டுத்தான் விநியோகஸ்தரையும், அவருக்கு மேலே உள்ள உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் எட்டும் வழி. அவரைப் பகைத்துக்கொண்டால் அந்த வழி அடைபடும்.

டின் ஊதியோ கசிந்தோ இருந்தால் அது இந்த வழிகாட்டியில் அடங்காத விடயம். அது உயிராபத்துத் தரக்கூடிய நச்சின் அறிகுறியாக இருக்கலாம். ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒரே தொகுதி இலக்கம் உள்ள டின்கள் குறைந்தது மூன்று வேண்டும். ஒன்று நீங்கள் வீட்டில் நிறுத்துப் பார்ப்பதற்கு, மற்ற இரண்டும் முத்திரை உடையாமல் அதிகாரிகளிடம் கொடுப்பதற்கு. தொகுதி இலக்கம் பெரும்பாலும் மூடியிலோ அடியிலோ மையால் அச்சிடப்பட்டிருக்கும், அல்லது தகரத்திலேயே அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். மூன்று டின்னிலும் அது ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுதி மாறினால், அவை வேறு நாளில் வேறு மீனால் நிரப்பப்பட்டவை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்.

பற்றுச்சீட்டு கட்டாயம் தேவை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. சிறிய கடைகளில் வெறும் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். கடையின் பெயர், திகதி, பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகிய ஐந்தும் இருக்குமாறு பணிவாகக் கேட்டு எழுதுவியுங்கள். கணினிச் சீட்டின் மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள்.

படங்கள்: டின்கள் கடையின் இறாக்கையில் இருக்கும் நிலையில் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் லேபலை முழுச் சுற்றாக நான்கு, மூடியும் அடியும் தனித்தனியே. ஒட்டுத்திகதியைப் படமெடுக்கும்போது டோர்ச் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போது ஸ்டிக்கரின் விளிம்பு நிழல் தரும். பசை பிதுங்கிய கோடும் அடியில் உள்ள அச்சின் மேடும் தெளிவாகத் தெரியும். நேராக அடித்த வெளிச்சத்தில் இவை எதுவும் படத்தில் விழாது.

3. லேபலை வாசிக்கும் ஒழுங்கு

பலர் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். விலை கடைசியில் வரட்டும், முதலில் பொருளின் பெயரைப் பாருங்கள். சிங்களப் பேச்சிலும் அதைப் பின்பற்றிச் சில தமிழர் பேச்சிலும் எந்த மீன் டின்னையும் "செமன்" என்று சொல்வது பழக்கம். உள்ளே இருப்பது சல்மன் மீன் அன்று. "செமன் கேட்டேன், வேறு மீனைத் தந்துவிட்டார்" என்று ஒருவர் எழுதிய முறைப்பாட்டை நான் கண்டிருக்கிறேன். அது லேபலைப் பற்றிய முறைப்பாடு ஆகாது. லேபலில் என்ன மீன் என்று அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. மூன்று மொழியிலும் அது ஒரே மீனைத்தான் குறிக்கிறதா என்று பாருங்கள்; தமிழ்ப் பகுதி மட்டும் வேறொன்றைச் சொன்னால் அதையும் குறித்து வையுங்கள்.

அடுத்து நிறை. மீன் டின்னில் இரண்டு நிறைகள் உண்டு. நிகர நிறை என்பது சாறும் மீனும் சேர்ந்தது, வடித்த நிறை என்பது சாற்றை வடித்தபின் எஞ்சும் மீன் மட்டும். பெரிய டின்னில் எழுதியிருக்கும் 425 கிராம் நிகர நிறை. அதையே மீனின் நிறை என்று எண்ணி "425 கிராம் இல்லை" என்று முறையிடுவது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. வடித்த நிறை எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்தில் இருந்தால், அதுவே குறிக்க வேண்டிய ஒரு குறை.

மூன்றாவது எஸ்.எல்.எஸ். சின்னம். மீன் டின்னுக்கான இலங்கைத் தரக்கட்டளையின் இலக்கம் எஸ்.எல்.எஸ். 591. சின்னத்தோடு வேறு இலக்கம் இருந்தால், அல்லது சின்னம் மட்டும் இலக்கமின்றி நின்றால், சந்தேகப்பட இடமுண்டு. சின்னம் இல்லாமை வேறு, பொய்ச் சின்னம் வேறு. முறைப்பாட்டில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். குறித்த வர்த்தகப் பெயருக்கு அந்த அனுமதி இப்போதும் நடைமுறையில் உள்ளதா என்பதை இலங்கை தரக்கட்டளைகள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை முறைப்பாட்டுடன் இணைத்தால் விசாரிக்கும் உத்தியோகத்தரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

நான்காவது, உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் உற்பத்தி நாடும். காகித லேபலில் உள்ள திகதியும் மூடியில் பதிந்த திகதியும் ஒன்றா? "இலங்கையில் உற்பத்தி செய்யப்பட்டது" என்ற லேபலின் ஓரத்தில் அடியிலுள்ள இன்னொரு லேபலின் எழுத்துகள் தெரிகின்றனவா? லேபலின் மேல் லேபல் ஒட்டியிருந்தால் அங்கும் மேற்சொன்ன விதிதான், உரிக்க வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகே விலை. மீன் டின்னுக்குக் கட்டுப்பாட்டு விலை அவ்வப்போது வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, திருத்தப்பட்டும் நீக்கப்பட்டும் வந்திருக்கிறது. எனவே நீங்கள் வாங்கிய நாளில் நடைமுறையில் இருந்த வர்த்தமானியை மட்டுமே மேற்கோள் காட்டுங்கள். போன வருடத்து விலையை எழுதினால் முறைப்பாடு முழுவதன் மேலும் நம்பிக்கை குறையும்.

4. வடித்த நிறையை வீட்டில் அளப்பது

நிறை பற்றிய சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் படி. உங்கள் அளவீடு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. ஆனால் "குறைவு போலத் தெரிகிறது" என்பதற்கும் "இத்தனை கிராம் குறைவு" என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அதிகாரி ஒருவர் வாகனம் எடுத்துப் புறப்படுவாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரநியமங்களில் சொல்லப்பட்ட முறைக்கு இயன்ற அளவு நெருங்கிச் செய்யுங்கள்.

டின்னைக் குறைந்தது 12 மணி நேரம் 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். நம் ஊரில் சாதாரண அறையே போதும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டின் கூடாது. குளிரில் எண்ணெயும் சாறும் கெட்டியாகி மீனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது குறைவான மீனும் கனமாகக் காட்டும்.

ஒரு கிராம் வரை காட்டும் இலக்கமுறைத் தராசில், திறக்காத டின்னை முதலில் நிறுங்கள். பின்னர் வெறும் வடியை நிறுத்து எழுதுங்கள். அந்த முறையில் சொல்லப்படும் வடியின் கண் 2.8 மில்லிமீற்றர். மா அரிக்கும் அரிதட்டு மிக நுண்ணியது, சாறு அதில் தேங்கும். காய்கறி கழுவும் கூடையின் கண் மிகப் பெரியது, மீன் துகள் விழுந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வடியைத் தேடி எடுங்கள்.

மீனை வடியில் பரவலாகக் கவிழ்த்து, வடியைச் சற்றே சாய்த்து, அதாவது 17 முதல் 20 பாகை வரையிலான சரிவில், சரியாக இரண்டு நிமிடம் விடுங்கள். கரண்டியால் அமுக்கக் கூடாது. அமுக்கினால் மீனின் சதைக்குள் இருக்கும் நீரும் வெளியேறி, நேர்மையாக நிரப்பிய டின்கூடக் குறைந்து காட்டும். தக்காளிச் சாற்றில் அடைத்த மீனாயின், சாறு தானாக வடியாது என்பதால் சுமார் 40 பாகை வெந்நீரால் மெதுவாகக் கழுவி, பிறகு அதே இரண்டு நிமிடம் விட வேண்டும். வடியோடு சேர்த்து நிறுத்து, வடியின் நிறையைக் கழித்தால் வருவது வடித்த நிறை. வெறும் டின்னையும் அதன் மூடியையும் கழுவித் துடைத்து நிறுத்து, முழு டின்னின் நிறையிலிருந்து கழித்தால் நிகர நிறை.

எடுத்துக்காட்டாக, லேபலில் வடித்த நிறை 280 கிராம் என்று இருந்து, உங்கள் தராசு 262 காட்டினால், "18 கிராம் குறைவு, வீட்டுத் தராசு, ஒரு டின் மட்டும் அளக்கப்பட்டது" என்று அப்படியே எழுதுங்கள். ஒரு டின் குறைந்ததை வைத்து மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். பல டின்களின் சராசரி லேபலில் சொன்ன அளவுக்குக் குறையாமலும், தனி டின் எதுவும் அளவு மீறிக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதே அந்தத் தரநியமங்களின் அளவுகோல். அந்தச் சராசரியை எடுப்பது அதிகாரிகளின் வேலை.

மீன் இனத்தைப் பற்றி ஒரு சொல். சூரை என்று எழுதியிருக்க, உள்ளே வேறு மீன் என்று சந்தேகம் வரலாம். வெட்டி, அவித்து, தோல் நீக்கிய சதையைக் கண்ணால் பார்த்து இனத்தைச் சொல்வது அனுபவமுள்ள மீனவருக்கும் கடினம். ஆய்வகச் சோதனைதான் அதை உறுதி செய்யும். எனவே "இது சூரை அன்று" என்று எழுதாமல், நீங்கள் கண்ட நிறம், முள், தோல் ஆகியவற்றை மட்டும் எழுதிச் சோதனை செய்யுமாறு கேளுங்கள்.

5. எந்த அலுவலகத்துக்குப் போவது

ஒரே கடிதத்தை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அனுப்பினால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று கோப்பை மூடி வைப்பதையே நான் கண்டிருக்கிறேன். குறை எந்த வகை என்று முதலில் பிரித்து, ஒரு முதன்மை அலுவலகத்தைத் தெரிவு செய்யுங்கள்.

திகதி மாற்றம், பொய்ச் சின்னம், மறைத்த லேபல், கட்டுப்பாட்டு விலை மீறல் ஆகியவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. அதன் சட்டத்தின் 30 ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய எந்த வியாபார நடத்தையையும் தடை செய்கிறது. 31 ஆம் பிரிவு பொருளைப் பற்றிய பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. 10 ஆம் பிரிவின் கீழ் லேபல், விலை, பொதியிடல் பற்றிய பணிப்புரைகளை விடுக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கும் நேரில் செல்லலாம். டின்கள் இன்னும் இறாக்கையில் இருக்கின்றன என்றால் முதலில் அழையுங்கள், கடிதத்தைப் பிறகு கொடுங்கள். கடிதம் மேசைக்கு வரும் வரை சரக்கு காத்திருக்காது.

உள்ளடக்கம், தரம், சுகாதாரம் பற்றிய பொய்யானால், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும். அதன் கீழ் மாதிரி எடுக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. அவரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காணலாம். நிறைக் குறைவு மட்டுமே பிரச்சினை என்றால், அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பரிசோதகர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

6. முறைப்பாட்டை எழுதுவது

தமிழில் எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி. ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று எண்ணி, அரைகுறையாக மொழிபெயர்த்த கடிதத்தில் "காலாவதித் திகதி" உற்பத்தித் திகதியாக மாறிப்போன சம்பவம் எனக்குத் தெரியும்.

சபைக்குக் கொடுக்கும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். இது 13 ஆம் பிரிவின் நிபந்தனை. பற்றுச்சீட்டின் திகதியிலிருந்து எண்ணுங்கள். குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அன்று. அலுமாரியில் நாலு மாதம் கிடந்த டின்னோடு வருபவரிடம் நான் வருத்தத்தோடு சொல்வது இதைத்தான்.

கடிதத்தில் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்: எந்தக் கடை, எந்த நாள், எத்தனை டின், என்ன விலை, என்ன வர்த்தகப் பெயர், என்ன தொகுதி இலக்கம். அடுத்து, லேபல் சொல்வது என்ன, நீங்கள் கண்டது என்ன என்று இரண்டையும் அருகருகே வையுங்கள். "மோசடிக்காரர்", "மக்களைக் கொல்கிறார்கள்" போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. அவை உத்தியோகத்தருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை, உங்கள் மீதே வழக்கு வரவும் இடம் கொடுக்கும்.

நீங்கள் கேட்பது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே இரண்டு பாதைகள் உண்டு, புதியவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். 13 ஆம் பிரிவின் கீழ் விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தருமாறு, பொருளை மாற்றித் தருமாறு, அல்லது நட்டஈடு கொடுக்குமாறு சபை கட்டளையிடலாம். அது உங்களுக்குரிய நிவாரணம். குற்றம் செய்தவரைத் தண்டிப்பது வேறு பாதை. அதற்குச் சபை நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும், தண்டப்பணம் விதிப்பது நீதவான்தான். நிவாரணத்தை மட்டும் கேட்டால், கடைக்காரர் காசைத் திருப்பித் தந்ததும் கோப்பு மூடப்பட்டு, அதே டின் அடுத்த தெருவில் விற்கப்படும். ஆகவே "நிவாரணமும் வேண்டும், இந்தத் தொகுதி பற்றிய விசாரணையும் வேண்டும்" என்று இரண்டு தனி வரிகளாக எழுதுங்கள்.

விலை மீறலும் இருந்தால் அதற்குத் தனிப் பந்தி எழுதுங்கள். 2021 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, கட்டுப்பாட்டு விலையை மீறும் தனிநபருக்கு ஒரு இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரையும் தண்டம் உண்டு. லேபல் குறையோடு கலந்து எழுதினால் இந்தத் தனிக் குற்றம் கவனிக்கப்படாமல் போகலாம்.

7. ஒப்படைப்பதும் அதன் பின்னரும்

டின்களை ஒப்படைக்கும்போது, தொகுதி இலக்கத்தையும் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு ஏற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் பிரதியில் வாங்குங்கள். இரண்டு முத்திரை உடையாத டின்களையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதை வைத்திருங்கள். அலுவலகங்களில் பொருள் இடம் மாறுவதுண்டு.

உங்கள் டின் ஒரு தடயம் மட்டுமே. அதிகாரிகள் கடையிலோ களஞ்சியத்திலோ சுற்றிவளைப்பு நடத்தி, தாங்களே எடுக்கும் டின்கள்தான் வழக்கின் முதுகெலும்பு. அதனால்தான் தொகுதி இலக்கத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்; அதை வைத்துத்தான் களஞ்சியத்தில் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கடைக்கு வரும்போது நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டாம். நீங்கள் சொல்லிக் கொடுத்ததாகக் கடைக்காரர் வாதிட அது வழி செய்யும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள். அதற்கும் பயனில்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவலுக்கான கேள்வி அன்று. "எனது முறைப்பாடு எந்தத் திகதியில் எந்த உத்தியோகத்தருக்கு ஒப்படைக்கப்பட்டது, மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டதா, அதன் அறிக்கையின் பிரதி" என்று கேளுங்கள். ஆவணமாக இருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டால்தான் ஆவணம் கிடைக்கும்.

வழக்கு முடியப் பல மாதங்கள் செல்லலாம், அதற்குள் உங்களிடம் உள்ள டின்னின் காலாவதித் திகதியும் கடந்துவிடலாம். எறிந்துவிடாதீர்கள். தடித்த பையில் இட்டு, வாயை ஒட்டி, மேலே "சாட்சிப் பொருள், சமைக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, குசினியில் அன்றி ஆவணங்கள் வைக்கும் அலுமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டில் கறிக்கு எதுவும் இல்லாத ஓர் இரவில் இந்த டின்னை யாரோ திறந்துவிட்டதால் நின்றுபோன முறைப்பாடு ஒன்று எங்கள் ஊரிலேயே உண்டு.